அழகர்மலை அடிவாரத்தில் மூன்று நாள்: வடம், கோலிக்குண்டு, கடலை உருண்டை

வியாழன், மதுரை. சாமான் வாங்கும் நாள்

நாளை விடியலில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் 28 பேர் வந்து இறங்குகிறார்கள். சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மூன்று பிரிவுகள், பிரிவுக்கொரு மேலாளர். சேர்ந்து வேலை செய்வதை ஆட்டங்கள் மூலம் பழக்குவது பயிற்சியாளர்களான எங்கள் வேலை. தங்குமிடம் அழகர்கோயில் போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பு வீடு. மதுரையிலிருந்து கோயில் 21 கிலோமீட்டர், தோப்பு அதற்குக் கொஞ்சம் முன்னால்.

விளையாட்டுச் சாமான்களை ஆன்லைனில் பெட்டியாக வாங்கலாம்தான். விலை நாலு மடங்கு, தரம் பாதி. மதுரையில் ஒரு மதியத்தில் எல்லாமே கிடைத்துவிடும். கடலை உருண்டையும் கோணிச் சாக்கும் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில். ஈர்க்குச்சிக்குத் தனியாக அலைய வேண்டாம், ரெண்டு தென்னை விளக்குமாறு போதும். பச்சை வாடை இருக்கும் விளக்குமாறை எடுக்காதீர்கள், வளைந்துவிடும். நன்றாகக் காய்ந்ததை எடுத்து, அடிப்பக்கத்து 30 சென்டிமீட்டரை மட்டும் நறுக்க வேண்டும். நுனிப்பக்கம் மெலிவு. அதையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு குழுவுக்குத் தடித்த குச்சியும் இன்னொன்றுக்கு மெல்லிய குச்சியும் போய், போட்டி முடிந்ததும் பேச்செல்லாம் குச்சியைப் பற்றியே போகும்.

பிவிசி பைப் ஒன்றரை அங்குலம், பத்தடியில் மூன்று. ஒரு பைப்பில் 45 செ.மீ. துண்டு ஆறு வரும், நெடுக்காகப் பிளந்தால் 12 ஓடை. மூன்று பைப்புக்கு 36. ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் எட்டு மிச்சம். பிளந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், உப்புத்தாள் போட்டு ஒரு தடவை இழுக்காமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. கோலிக்குண்டு ஒரு டஜன்.

வடமிழுப்புக்கு வாங்கும் வடம் விஷயத்தில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். இழுபட்டு நீளும், அறுந்தால் அத்தனை விசையோடு திருப்பி அடிக்கும். 1997இல் தைபேயில் நடந்த ஒரு பெரிய வடமிழுப்பில் நைலான் வடம் அறுந்து இரண்டு பேருக்குக் கையே துண்டானது. தேங்காய் நார் வடம் கீபோர்டு தட்டும் கைகளை அரைமணியில் உரித்துவிடும். பருத்தி அல்லது மணிலா நார், கைக்கு அடங்கும் தடிமன். பன்னாட்டுப் போட்டி விதிப்படி சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ., நீளம் 33.5 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பக்கத்துக்கு எட்டுப் பேர் என்றால் அந்த நீளம் நிஜமாகவே தேவைப்படும்.

இரண்டு ஆட்டங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். ஒன்று, கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்து விழுவது. பிடிப்பவர்கள் அரை நொடி தாமதித்தால் முதுகுத்தண்டு, அவ்வளவு ஆபத்துக்கு அதில் கற்க ஒன்றும் இல்லை. இன்னொன்று, கை கோத்துச் சிக்கெடுக்கும் ‘மனித முடிச்சு’. தோள்பட்டை முறுக்கும், முகத்துக்கு முகம் உரச வேண்டியிருக்கும். ஆண் பெண் கலந்த அலுவலகக் கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சங்கடப்படுவார்கள்.

வெள்ளி, தோப்பு. முதல் நாள்

காலை இட்லி, மதியம் சைவச் சாப்பாடு. பயணம் முடிந்து வந்ததும் பிரியாணி கேட்டார்கள். மதியம் பிரியாணி போட்டால் மூன்று மணி ஆட்டத்துக்கு ஆள் தேறாது, எனவே கறி எல்லாம் இரவுக்குத் தள்ளியாயிற்று. இதில் இளகினால் நாள் போச்சு.

குழு பிரிப்பது முதல் வேலை. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று சொல்ல வைத்தால் கூட்டாளிகள் எண்ணைக் கணக்குப் போட்டு இடம் மாறி நின்றுகொள்வார்கள். அதற்குப் பதில், வாய் திறக்காமல் பிறந்த தேதி வரிசையில் (வருடம் வேண்டாம், மாதமும் தேதியும் மட்டும்) நிற்கச் சொல்ல வேண்டும். விரல் காட்டி, தரையில் எழுதி, எப்படியோ நிற்பார்கள். நின்ற பிறகு நான்காக எண்ணினால் ஏழேழு பேராக நான்கு குழு. மூன்று மேலாளர்களும் ஒரே குழுவில் விழுந்தால் சத்தமில்லாமல் ஒருவரை மாற்றிவிடலாம். இன்று விழவில்லை.

வெயில் நேரத்துக்குத் திண்ணையில் கோபுரம். பீட்டர் ஸ்கில்மன் வடிவமைத்த ஆட்டம். மூலத்தில் 20 ஸ்பெகட்டிக் குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், 18 நிமிடம். இங்கே ஸ்பெகட்டிக்கு ஈர்க்குச்சி, மார்ஷ்மெல்லோவுக்குக் கடலை உருண்டை. மற்றதெல்லாம் அப்படியே. கோபுரம் தானாக நிற்க வேண்டும், கூரையில் கட்டக் கூடாது, உருண்டை உச்சியில் இருக்க வேண்டும், உருண்டையைப் பிய்க்கக் கூடாது.

வழக்கமாக எங்கே சறுக்குவார்களோ அங்கேதான் இன்றும். முதல் ஐந்து நிமிடம் திட்டம், அடுத்த பத்து நிமிடம் கட்டுமானம், பதினேழாவது நிமிடம் உருண்டையை மேலே வைப்பது, பதினெட்டாவது நிமிடம் எல்லாம் சரிவது. உருண்டை பஞ்சு மாதிரி என்று மனதுக்குள் ஒரு கணக்கு. கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. மேலாண்மைப் பட்டப்படிப்பு மாணவர்களைவிட மழலையர் பள்ளிப் பிள்ளைகள் இதில் உயரமாகக் கட்டுவது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பிள்ளைகள் முதலிலேயே உருண்டையைக் குத்திப் பார்த்துவிடுவார்கள் என்பதைத் தவிர அதில் மர்மம் ஒன்றும் இல்லை. இன்று நின்ற ஒரே கோபுரம் மூன்றாவது குழுவுடையது. கட்டட வேலை தெரிந்தவர் யாரும் அதில் இல்லை. அலுவலகக் கணக்குப் பார்க்கும் பெண் மட்டும் நான்காவது நிமிடத்தில், “முதல்ல இத வச்சுப் பாப்பமே” என்று உருண்டையை ஒரு குச்சியில் குத்தினார். குச்சி வில்லாக வளைந்தது. அதன் பிறகு மூன்று மூன்று குச்சியாகக் கட்டி முக்காலியாக நிறுத்தினார்கள்.

டேப் ஒட்டவில்லை என்ற புகார் எல்லாக் குழுவிலிருந்தும் வரும். விளக்குமாறுத் தூசிதான் காரணம், ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அழகர்கோயில் பக்கம் விளையாடுகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடலை உருண்டையைத் திறந்து வைக்காதீர்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தென்னையிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. ஜெயித்த கோபுரத்தின் உச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. கோபுரம் சாயவில்லை. கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு அதில் தனிப் பெருமை.

பேச்சு என்று சொன்னது அடுத்து உட்காரும் நேரத்தை. ஆட்டம் 18 நிமிடம் என்றால் பேச்சும் அதே அளவு. வட்டமாகத் தரையில், மேசை கூடாது. கேள்வி மூன்றே: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? மேலாளர் கடைசியாகப் பேச வேண்டும். இந்த ஒரு விதியை முதல் நாளே போடவில்லை என்றால் மீதி நாள் முழுக்க அவர் சொன்னதையே மற்றவர்கள் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மாலை ஹீலியம் குச்சி. பத்து அடி மெல்லிய எலக்ட்ரிக் பைப் ஒன்று. இரண்டு வரிசையாக எதிரெதிர் நின்று, ஆளுக்கு இரண்டு ஆள்காட்டி விரல் நீட்டி, அதன் மேல் பைப்பை வைத்து மெதுவாகத் தரைக்கு இறக்க வேண்டும். விரல் பைப்பை விட்டு விலகக் கூடாது, வளைத்துப் பிடிக்கவும் கூடாது. இறக்கச் சொன்ன பைப் மேலே ஏறும், எப்போதும். விரல் விலகிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் துளி மேலே அழுத்துகிறார்கள். பத்துப் பேர் ஆளுக்கு 50 கிராம் அழுத்தினாலும் அரைக் கிலோ, பைப்பின் எடை அதைவிடக் குறைவு. கனமான தண்ணீர் பைப்பில் இது நடக்காது, அதனால் பைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே கையில் தூக்கிப் பாருங்கள். ‘நீதான் தூக்குற’ என்ற சண்டை இரண்டாவது நிமிடத்தில் வரும். வரட்டும், தடுக்க வேண்டாம். தூக்குவது யாரும் இல்லை, எல்லாரும்தான் என்று தெரிய நாலைந்து நிமிடம் ஆகும்.

சனி, தோப்பு. இரண்டாம் நாள்

காலை ஆறரைக்கு வடம். எட்டு மணிக்கு மேல் புழுதி கிளம்பிவிடும்.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் கயிறு இழுக்க வைத்து அளந்த கணக்கு ஒன்று உண்டு, 1913இல் வெளியானது. ஒருவர் தனியாக இழுக்கும் விசையை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93. நால்வரில் 77. எட்டுப் பேரில் 49. அதாவது எட்டுப் பேர் சேர்ந்து நாலு பேர் வேலைதான் பார்க்கிறார்கள். காரணம் இரண்டு. ‘மத்தவங்க இழுக்கிறாங்களே’ என்ற தளர்வு ஒன்று. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது இன்னொன்று. முதலாவதைச் சரிசெய்ய உபதேசம் தேவைப்படும். இரண்டாவதற்கு ஒரு பாட்டு போதும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் வலை இழுக்கும்போதும் ‘ஐலசா’ இருப்பது அதற்குத்தான்.

அதை அப்படியே செய்து காட்டினோம். முதல் சுற்று பேச்சில்லாமல், எட்டுக்கு எட்டு. இரண்டாவது சுற்றில் தோற்ற பக்கத்துக்கு மட்டும் ஒரு ஆள் வெளியில் நின்று ‘ஏலேலோ’ சொல்ல, ‘ஐலசா’வில் மட்டும் இழுக்கச் சொன்னோம். ஏலேலோவில் பிடியை விடாமல் காலை மாற்றி ஊன்றிக்கொள்ள வேண்டும். அதே ஆட்கள், அதே எடை. எதிர்ப்பக்கம் நாலு மீட்டர் நகர்ந்து வந்தது. குரல் கொடுத்தவர் நிறுவனத்திலேயே இளையவர், சேர்ந்து மூன்று மாதம். மேலாளர் வரிசையில் ஆறாவது ஆளாக, அந்தப் பையன் சொல்லுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

காவல் விதிகள்: வடத்தைக் கையில் சுற்றக் கூடாது, இடுப்பிலும் கூடாது, முடிச்சுப் போடக் கூடாது, மோதிரம் வாட்ச் கழற்றிவிட வேண்டும். ஜெயித்ததும் சட்டென்று கையை விடக் கூடாது. எதிர்ப்பக்கம் மல்லாக்க விழும். இந்த ஒரு நொடியிலும் காயம் வரும்.

ஒன்பது மணிக்குக் கண்கட்டு. இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய ஆட்டம். 12 பேர், 18 மீட்டர் கயிறு, முனை இரண்டும் சேர்த்து முடிச்சு. எல்லாருக்கும் துண்டால் கண்ணைக் கட்டி, கயிற்றைச் சரியான சதுரமாக விரிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நாலரை மீட்டர். 20 நிமிடம். கயிற்றிலிருந்து ஒரு கையாவது எடுக்காமல் இருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒருவர் என்று கண்கட்டாத காவல் ஆட்கள் இரண்டு பேர், பேசாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக ஒரு களத்துக்கு 14, இரண்டு களத்துக்கு 28. கண்ணைக் கட்டினால் பயம் வருகிறவர்களைக் காவலுக்குப் போட்டுவிடலாம், காரணம் கேட்கக் கூடாது. தரையை முந்தின நாளே கூட்டி வைக்க வேண்டும். தோப்பில் நெருஞ்சி முள் இருக்கும், செருப்பைக் கழற்ற விடாதீர்கள்.

முதல் ஐந்து நிமிடம் 12 பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், “எல்லாரும் அங்குட்டு போங்க, நா இங்குட்டு வாரேன்” என்றார். எல்லாரும் நின்றுவிட்டார்கள். கண் கட்டிய ஆளுக்கு எது அங்குட்டு, எது இங்குட்டு? நல்ல பயிற்சியாளர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நிமிடம் ஒன்று, இரண்டு, மூன்று போனது. “முடிச்சு யார் கையில இருக்கு?” என்று ஒரு குரல். “என்கிட்ட.” “அப்ப நீங்க ஒண்ணாம் நம்பர். உங்களுக்கு வலது கைப்பக்கம் நிக்கிறவங்க ரெண்டு.” அங்கிருந்துதான் ஆட்டம் நிமிர்ந்தது. முடிச்சு ஒரு மூலை. கயிற்றை இரண்டாக மடித்தால் எதிர்மூலை, இன்னொரு மடிப்பில் மற்ற இரண்டு மூலை. மூலைக்கு ஒருவர் நின்று மற்றவர்கள் நடுவில் கயிற்றை விறைப்பாக்க வேண்டும். பதினேழாவது நிமிடத்தில் கட்டவிழ்த்தார்கள். சதுரம் கொஞ்சம் சாய்சதுரமாக இருந்தது. பக்கம் நாலும் சமமானாலும் கோணம் தப்பும், குறுக்கே அளந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. இரண்டாவது களத்தில் கடைசிவரை யாரும் முடிச்சைக் கேட்கவில்லை. அங்கே வந்தது உருளைக்கிழங்கு.

பிற்பகல் ஓடையும் கோலியும். ஏழு பேர், ஆளுக்கு ஒரு பிளந்த பைப், 12 மீட்டர் தூரத்தில் ஒரு சொம்பு. கோலி பின்னால் போகக் கூடாது, நிற்கக் கூடாது, விழுந்தால் முதலிலிருந்து. கோலி தன் பைப்பில் இருக்கும்போது காலை நகர்த்தக் கூடாது. ஒன்றின் முனை அடுத்ததன் மேல் ஐந்து செ.மீ. ஏறும்படி பிடித்தால் ஏழு ஓடை சேர்ந்து 2.85 மீட்டர்தான் வரும். எனவே ஒவ்வொருவரும் கோலி கடந்ததும் வரிசை முன்னால் ஓடிப்போய் மறுபடி நிற்க வேண்டும், மூன்று முறைக்குக் குறையாமல். கோலி விழுவது இணைப்பில்தான். அடுத்தவர் பைப் ஒரு நூல் உயர்ந்திருந்தால் முட்டித் தெறிக்கும், எனவே முந்தின பைப்பின் வாய் அடுத்த பைப்புக்குள் உட்கார வேண்டும். சரிவு அதிகமானால் கோலி வேகம் எடுத்து ஆள் ஓடிவருவதற்குள் கடைசிப் பைப்பைத் தாண்டிவிடும். தன் வேலை முடிந்ததும் நின்று கோலியை வேடிக்கை பார்க்கிற ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. மூன்று தடவை விழுந்தபின் அவரே ஓட ஆரம்பித்துவிடுவார். நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

வெயில் தாழ ஆடுபுலி. பழைய மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஆள் நிற்கிற அளவுக்குத் தரையில் வரைந்தோம். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து அடிக்கோட்டுக்கு நாலு கோடு, குறுக்கே மூன்று கோடு இரண்டு பக்கமும் நீட்டி முனைகளைச் சேர்த்து. சந்திப்புகள் 1, 6, 6, 6, 4, ஆக 23. புள்ளிக்குப் புள்ளி கை நீட்டும் தூரமாவது வேண்டும். கோலமாவு காற்றில் போய்விடும், சுண்ணாம்புக் கரைசல்தான் நிற்கும்.

புலி 3, ஆடு 15. ஆடுகள் ஒவ்வொன்றாகக் களம் இறங்கும், பதினைந்தும் இறங்கிய பிறகுதான் நகரலாம். புலி நேர்க்கோட்டில் ஓர் ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் ஆடு காலி. புலிக்கு நகர இடமே இல்லாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. ஒரு ஆடும் போகாமல் இருந்தால் 23 புள்ளியில் 18 நிறைந்து ஐந்துதான் காலி. அந்த ஐந்து எங்கே இருக்கிறது என்பதுதான் முழு ஆட்டமும்.

முதல் சுற்றில் ஒவ்வொரு ஆடும் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. பாதுகாப்பாகத் தோன்றும் ஓரங்களுக்கு எல்லாரும் போனார்கள், நடுக்கோடு வெறிச்சோடியது. ஆறு ஆடு போனதும் நிறுத்தினோம். அதற்கு மேல் அடைப்பது கடினம். இரண்டாவது சுற்றுக்கு முன் இரண்டு நிமிடம் பேச அனுமதி. ஆட்டின் முதுகுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலி தாண்ட முடியாது என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். “நா முன்னாடி நிக்கிறேன், எனக்குப் பின்னாடி யாராச்சும் இருங்க.” அந்தச் சுற்றில் போனது இரண்டே ஆடு. புலியாக நின்றவர்கள் மூன்று மேலாளர்களும்தான், அடைபட்டு நின்றபோது கைதட்டல் பலமாக இருந்தது. இந்த வேடத்தை அவர்களுக்குத் தந்தது தற்செயல் இல்லை.

இரவு கறிதோசை. இரண்டு நாள் பகல் பத்தியத்துக்குச் சேர்த்துப் பழிவாங்கினார்கள்.

ஞாயிறு, மாசி வீதிகள். மூன்றாம் நாள்

காலை ஆறரைக்கு ஊருக்குள். பட்டுக் கடைகளும் பாத்திரக் கடைகளும் திறப்பதற்கு முன் மதுரை வீதிகள் நடக்கத் தோதானவை. மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அடுக்கிய வீதிகள் இருப்பதால் வழி தப்பினாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம். கோயிலுக்குள் ஆட்டம் இல்லை. செல்போனும் உள்ளே கொண்டுபோக முடியாது, பக்தர்களுக்கும் இடைஞ்சல்.

இது தேடல் ஆட்டம். ஆனால் துப்பு ஒரே சீட்டில் இல்லை. ஒவ்வொரு விடுகதையும் ஏழு துண்டு, ஆளுக்கு ஒன்று. சீட்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் விடை வராது. முந்தின இரண்டு நாளும் ஓரமாக நின்றவர்களை இதுதான் நடுவுக்கு இழுக்கும். குழுவுக்கு ஒரு போன் உறையில் ஒட்டி, அவசரத்துக்கு மட்டும். ஒட்டு பிரிந்திருந்தால் ஆட்டம் செல்லாது. ஓடக் கூடாது, சாலையைக் கடக்கும்போது ஏழு பேரும் சேர்ந்து. 90 நிமிடம்.

விடுகதைகள் எளிது, ஊர் தெரிந்தால். ‘சித்திரையில் கிளம்பும் தேர் மாசியில் ஓடும்.’ சித்திரைத் திருவிழாத் தேர் சுற்றுவது மாசி வீதிகளை. சென்னைக்காரர்கள் காலண்டரை யோசித்துக்கொண்டு நின்றார்கள். ‘பத்துப் பேர் நிற்கிறார்கள், தலைக்கு மேல் கூரையில்லை.’ நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய பத்துத்தூண், விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில். ‘கோட்டையை இடித்தவருக்கு விளக்கேற்றினார்கள்.’ அது விளக்குத்தூணேதான். 1840களில் கோட்டைச் சுவரை இடிக்க வைத்த ஆட்சியர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும்.

பூக்கட்டும் அம்மாவிடம் வழி கேட்பது விதிக்குள் அடங்குமா என்று ஒரு குழு கேட்டது. அடங்கும். ஆனால் “பத்துத்தூண் எங்க இருக்குங்கம்மா?” என்று கேட்டால் விரல் காட்டுவார். “பத்துப் பேர் கூரையில்லாம நிக்கிறது எங்க?” என்று கேட்ட குழுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மல்லிகையை எண்ணப் போய்விட்டார்.

எட்டு மணிக்கு நாலு குழுவும் விளக்குத்தூணில் கூடின. மூன்றாவது குழு கடைசி. அவர்களில் ஒருவர் தன் துண்டு முக்கியமில்லை என்று நினைத்துச் சொல்லாமலே இருந்துவிட்டார். அதில் இருந்தது ‘கூரையில்லை’ என்ற ஒரே சொல். கடைசிப் பேச்சு பருத்திப்பால் டம்ளரோடு நடைபாதையில், பத்து நிமிடம். ஆளுக்கு ஒரு சீட்டு, திங்கட்கிழமை தன் வேலையில் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயம், யாரிடம் எப்போது என்பதோடு. ‘இனி நன்றாக ஒத்துழைப்பேன்’ என்று எழுதியவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். ‘செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் டெஸ்டிங் ஆட்கள் முதலில் பேசுவார்கள்’ என்று எழுதியதை வாங்கிக்கொண்டோம். சீட்டுகள் உறையில் ஒட்டப்பட்டு முப்பதாவது நாள் அவரவர் மேசைக்குப் போகும்.

மதியம் தோப்பில் சாமான் எண்ணிக்கை. ஓடை 36இல் இரண்டு விரிசல். கோலி பதினொன்று, ஒன்று தென்னம்பாத்தியில் எங்கோ. வடத்தில் பனி ஈரம் இருந்தது. பருத்தி வடத்தை அப்படியே சுருட்டி மூட்டை கட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து அடுத்த தடவை நடுவில் இற்றுப்போகும். இரண்டு தென்னைக்கு இடையில் கட்டி வெயிலில் விரித்தாயிற்று, சாயங்காலம்தான் அவிழ்க்க வேண்டும்.